கண்ணாடிக் குஞ்சு வராத வருஷம்

அந்த வருஷம் கடல் வாரிக் கொடுத்தது. கடலடியில் போட்ட எந்தக் கம்பிக் கூட்டைத் தூக்கினாலும் சிங்கி இறால். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, நீண்ட மீசைகளைக் கம்பி இடுக்கு வழியாக வெளியே நீட்டிக்கொண்டு, படபடவென்று வாலை அடித்தபடி மேலே வரும். காற்றும் அடங்கிக் கிடந்தது. வெயில் ஏறுவதற்குள் படகுகள் கரைக்குத் திரும்பிவிட்டன. துறைமுகத்தில் யாரைப் பார்த்தாலும் சிரித்த முகம். எப்போதும் எரிந்து விழுகிற டீக்கடைக்காரர்கூடக் கேட்காமலே கூடுதல் சர்க்கரை போட்டுக் கொடுத்தார்.

தராசக்கா படகுத்துறையின் ஓரத்தில் நின்று தன் வீட்டுப் படகு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தராசக்கா என்பது துறைமுகம் அவளுக்கு வைத்த பெயர். இறால் கொட்டகையில் எடை போடுவது அவள் வேலை. விற்கிறவன் முறைத்தாலும் வாங்குகிறவன் முறைத்தாலும் முள் நின்ற இடத்தைத்தான் சொல்லுவாள். கேலியாக வைத்த பெயர்தான். ஆனால் கூடு போட்டுப் பிழைக்கிறவர்களும், பொழுதுபோக்குக்காக முங்கிப் பிடிக்கிறவர்களும் ஒரே பாறைக்கு அடித்துக்கொண்டு, கடைசியில் சிங்கிக் குழு என்று ஒன்றை வைத்தே ஆகவேண்டும் என்று ஆனபோது, இரண்டு பக்கமும் தலைவியாக ஒத்துக்கொண்ட ஒரே ஆள் அவள்தான்.

இதில் வேடிக்கை, இரண்டு பக்கமும் அவள் வீட்டிலேயே இருந்தன. புருஷன் கூடு போடுகிறவர். தம்பி, விடுமுறைக்கு நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ரப்பர் உடுப்பும் காற்று சிலிண்டரும் மாட்டிவிட்டுப் பாறைக்குக் கூட்டிப்போகிறவன். எந்நேரமும் தண்ணிக்குள்ளேயே கிடந்ததால் சின்ன வயதிலேயே அவனுக்கு ‘முங்கி’ என்று பெயர் விழுந்துவிட்டது.

படகு கிட்டே வந்தது. முன்புறம் கயிற்றோடு நின்றது மகள். படகு நிற்பதற்கு முன்பே தாவி இறங்கி, கயிற்றைக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்து நிறுத்தினாள். முழங்கை வரை ரப்பர் கையுறை, மீன் தலையின் வாடை, உப்புக் காய்ந்து வெளுத்த புருவம். பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு அப்பாவின் படகில் ஏறியவள். கயிறு சுருட்டும் வின்ச் இழுத்து வரும் கூட்டை ஒரே வீச்சில் பலகைமேல் சாய்ப்பாள். உள்ளே கைவிட்டு ஒவ்வொன்றாக எடுப்பாள். இரும்பு அளவுக்கட்டையை அதன் முதுகில் வைத்துப் பார்ப்பாள். அளவு குறைந்தால் கடலுக்கு. வயிற்றடியில் முட்டை ஒட்டியிருக்கும் சினைச் சிங்கி என்றால், எவ்வளவு பெரிசாக இருந்தாலும், தூக்கி எறியாமல் குனிந்து மெல்லத் தண்ணீரில் விடுவாள்.

“எப்படி?” என்றாள் தராசக்கா.

“தொட்டி மூட மாட்டேங்குதும்மா. மேல உக்காந்துதான் வந்தேன்.”

அப்பா சுக்கான் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “உன் பொண்ணு இன்னைக்கு என்னைப் பேசவே விடல. ‘அடுத்த வருஷம் என் படகுல நான் இப்படிப் பண்ணுவேன், அப்படிப் பண்ணுவேன்’னு ஒரே பிரசங்கம்.”

அடுத்த பருவத்தில் கூடு போடக் குழு ஒரு புது உரிமம் கொடுப்பதாக இருந்தது. வரிசையில் முதல் ஆள் மகள். படகு கட்டும் கொட்டகையில் யாரோ கைவிட்டுப் போன ஒரு பழைய படகைக் கேட்டு வாங்கி, மாதக்கணக்காகத் தானே சுரண்டி, இற்ற பலகைகளை மாற்றி, தார் பூசிக்கொண்டிருந்தாள். கடலிலிருந்து வந்ததும் அங்கேதான் போவாள். அவள் போவதைப் பார்க்கும்போதெல்லாம் தராசக்காவுக்கு மனசு பூரித்துவிடும். வெளியில் காட்டிக்கொள்ள மாட்டாள். “அந்த ஓட்டைப் படகைக் கட்டிக்கிட்டு அழுவுறா” என்பாள். அதைச் சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும்.

அன்று மத்தியானம் தட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். மீன்வளத்துறையின் ஆய்வாளர் அவர். எங்கே போனாலும் ஒரு வெள்ளைத் தட்டோடு போகிறதால் அந்தப் பெயர். இளவயசு. வெயிலில் மூக்குத் தோல் உரிந்து உரிந்து, பார்க்கப் பாவமாக இருப்பார். சமையலறைக் கதவருகே வந்து தயங்கி நின்றார்.

“அக்கா, கொஞ்சம் பேசணும்.”

“முகத்தைப் பாத்தா பொண்ணு பாக்கச் சொல்லுற மாதிரி இருக்கு. உள்ள வாங்க. முதல்ல உக்காருங்க.”

புருஷன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒரு நாற்காலியைக் காலால் நகர்த்திவிட்டார். தட்டுக்காரர் உட்கார்ந்தார். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் பிடித்திருந்தார்.

“சிங்கிக் குஞ்சு வரலக்கா. போன வருஷமே கம்மி. இந்த வருஷம் சுத்தமா இல்ல.”

“தம்பி, கூட்டைத் தூக்க முடியல, அவ்வளவு கனம். குஞ்சு வரலைங்கிறீங்களே?” என்றார் புருஷன்.

“அண்ணே, இப்ப நீங்க பிடிக்கிறது எல்லாம் நாலஞ்சு வருஷத்துக்கு முன்னால வந்த குஞ்சு. வளர்ந்து அளவுக்கு வர்றதுக்கு அவ்வளவு நாள் ஆகும். இப்ப வராத குஞ்சு, நாலு வருஷம் கழிச்சு உங்க கூட்டுல வராது. அதுவரைக்கும் இதே வேகத்துல பிடிச்சா, சினை வைக்கிற பெரிய சிங்கியும் மிஞ்சாது.”

“என்ன பண்ணணும்ங்கிறீங்க?” என்றாள் தராசக்கா.

அவர் டீயைக் கீழே வைத்தார். “கூட்டைப் பாதியாக் குறைக்கணும். முங்கிப் பிடிக்கிறவங்களுக்கு ஆளுக்கு இத்தனைன்னு இருக்கே, அதையும் பாதியாக்கணும். கரையோரப் பாறையில யாரும் பிடிக்காம முழுசா மூடணும். அப்புறம்...” கொஞ்சம் நிறுத்தினார். “புது லைசென்ஸ் இப்போதைக்குக் கூடாது.”

வெங்காயம் உரித்த கை நின்றது.

“எல்லாரும் வயிறாரச் சாப்பிடுற நேரத்துல வந்து இலையை எடுக்கச் சொல்றீங்க” என்றார் புருஷன். குரலை உயர்த்தவில்லை. “இதை வெளியில சொன்னா உங்களைக் கடல்ல தள்ளிடுவாங்க.”

“அதான் அக்காகிட்ட வந்தேன். மேலிடத்திலேர்ந்து நான் ஆர்டர் போட வைக்கலாம். போட்டா திருட்டுத்தனமா பிடிப்பாங்க. குழுவே முடிவு பண்ணா மட்டும்தான் நிக்கும்.”

தராசக்கா அடுப்பை அணைத்தாள். “நான் கண்ணால பாக்கணும்” என்றாள்.

அமாவாசை கழிந்த மறுநாள் காலையில் ஆய்வுப் படகில் போனார்கள். மகளும் வந்தாள், கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்று. பாறைக்கு உள்பக்கம், அலை மடங்குகிற இடத்தில், பாசி போலவே செயற்கை நாரால் செய்த கொத்துகளை மிதவையில் கட்டி வைத்திருந்தார்கள். ஆழ்கடலில் மாதக்கணக்காக அலைந்துவிட்டுக் கரை தேடி வருகிற குஞ்சுகள், பாசி என்று நம்பி அதில் வந்து ஒண்டிக்கொள்ளும். குஞ்சுகளுக்கு நிறமே கிடையாது. கண்ணாடிபோல் இருக்கும். விரல் நுனியில் வைத்தால் விரல் ரேகை தெரியும்.

மகள் கொத்தைத் தூக்கினாள். தட்டுக்காரர் அதை வெள்ளைத் தட்டின்மேல் வைத்து உதறினார். சின்னச் சின்ன நண்டு, புழு, சிப்பித் தூள் எல்லாம் விழுந்தது. தராசக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

சில வருஷங்களுக்கு முன் இதே தட்டை அவள் பார்த்திருந்தாள். அப்போது தட்டு முழுக்கக் கண்ணாடிக் குஞ்சுகள் துள்ளின. மழைத்துளி விழுகிற மாதிரி இருந்தது. இன்று ஒன்றுமில்லை.

“இன்னொரு தடவை உதறுங்க” என்றாள்.

உதறினார். அடுத்த கொத்து. அதற்கடுத்தது. கடைசிக் கொத்தில் ஒரே ஒரு குஞ்சு விழுந்தது. மகள் அதைக் கையில் ஏந்திக் கடலில் விட்டுவிட்டு, வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரைக்கு வந்ததும் தராசக்கா தம்பியின் கடைக்குப் போனாள். ஈர உடுப்புகள் வரிசையாகத் தொங்கி, சொட்டிக்கொண்டிருந்தன. முங்கி ஒரு சிலிண்டரைத் துடைத்துக்கொண்டே அக்கா சொன்னதை எல்லாம் கேட்டான்.

“நியாயம்தான். மாமா ஆளுங்க கூட்டை முழுசா எடுக்கச் சொல்லு, கடல் தானா சரியாயிடும்.”

“ஏன், உன் ஆளுங்க பாறையில பூப் பறிக்கவா போறாங்க?”

“அக்கா, என் ஆளுங்க ஒரு சிங்கியைப் பிடிக்கிறதுக்குள்ள மூணு தடவை மூச்சு வாங்குவாங்க. பிடிச்சதுகிட்டயே கடி வாங்குறவனும் உண்டு.”

“சிங்கி கடிக்காதுடா.”

“அவன் அப்படித்தான் கத்துனான், நான் என்ன பண்ண?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள். “விளையாட்டு இல்ல தம்பி. ஒவ்வொரு பக்கமும் எதிர்ப்பக்கத்தைக் கை காட்டிக்கிட்டே இருந்தா, நாலு வருஷம் கழிச்சுப் பாறைதான் மிஞ்சும்.”

முங்கி துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். “சரி, உன் பொண்ணுகிட்டச் சொல்லிட்டியா?”

சொல்லவில்லை. சொல்லத்தான் அன்று சாயங்காலம் படகுக் கொட்டகைக்குப் போனாள். மகள் படகின் அடியில் மல்லாந்து படுத்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் வெளியே நகர்ந்து வந்தாள். மூக்கில் பச்சைப் பெயிண்ட்.

“இங்க வந்து நில்லு. இப்பப் பாரு. ஓட்டைப் படகு மாதிரியா இருக்கு?”

தராசக்கா சுற்றிவந்து பார்த்தாள். பலகையும் பலகையும் சேரும் இடத்தைத் தடவினாள். நகம் நுழையவில்லை. இருபது வருஷ அனுபவமுள்ள ஆசாரி செய்ததுபோல் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டும். இரண்டுமே வரவில்லை. “மூக்கைத் துடை” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

பனிக்கட்டி ஆலையின் பின்கூடத்தில் குழுக் கூட்டம். ஒரு பக்கம் படகுக்காரர்கள், எதிர்ப்பக்கம் முங்கியும் அவன் கூட்டாளிகளும், நடுவில் இறால் கொட்டகை முதலாளி. சுவரோரம் துறைமுகமே திரண்டு நின்றது. மகள் தூணில் சாய்ந்து நின்றாள்.

தட்டுக்காரர் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கூடம் கொதித்தது.

“தட்டுல இல்லைன்னா கடல்லயே இல்லைன்னு அர்த்தமா? என் படகுல வந்து பாருய்யா!” என்று ஒரு படகுக்காரர் கத்தினார்.

“முங்குறவனுக்கு இது பொழுதுபோக்கு. எங்களுக்குப் பொழைப்பு. அவனை நிறுத்துங்க முதல்ல!”

“ஒரு நாள்ல உங்க ஒரு படகு பிடிக்கிறதை என் ஆளுங்க ஒரு வருஷம் முங்கினாலும் பிடிக்க மாட்டாங்க” என்றான் முங்கி.

தராசக்கா மேசையில் தட்டவில்லை. எழுந்து நின்றாள். எல்லாரும் அடங்க வெகுநேரம் பிடித்தது. அவள் காத்திருந்தாள்.

“நான் போய்ப் பாத்தேன்” என்றாள். “ஒவ்வொரு கொத்தா உதறச் சொல்லிப் பாத்தேன். எல்லாத்துலயும் சேர்த்து ஒரே ஒரு குஞ்சு. இவரு சொல்றாருன்னு நான் சொல்லல. இப்ப குறைச்சா நமக்கு வலிக்கும். வீட்டுல பாத்திரம் உருளும். எனக்குத் தெரியும், என் வீட்டுலயும் படகு இருக்கு. ஆனா இப்ப நாம கூட்டுக்குள்ள விடாம கடல்ல விட்டுவைக்கிற ஒவ்வொரு பெரிய சிங்கியும் சினை வைக்கும். நல்ல வருஷத்துலயே நிறுத்துறதுக்குத்தான் தைரியம் வேணும். ஒண்ணும் இல்லாதபோது யார் வேணா நிறுத்துவான்.”

கொட்டகை முதலாளி தொண்டையைக் கனைத்தார். கெட்டவரல்ல. யார் மனமும் கோணாமல் காரியத்தை முடிக்கப் பார்க்கிறவர்.

“அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். பாதியாக் குறைப்போம். ஆனா புது லைசென்ஸ் மட்டும் ஒண்ணே ஒண்ணு குடுத்துடுவோம். அந்தப் பொண்ணு படகை எப்படி இழைச்சு வெச்சிருக்குன்னு ஊரே பாக்குது. அதைக் குடுத்துட்டு, அதுக்கப்புறம் கதவை மூடுவோம். யாரும் குத்தம் சொல்ல மாட்டோம். என்ன சொல்றீங்க?”

கூடம் முழுவதும் “ஆமா, ஆமா” என்றது. இரண்டு பக்கமும் அன்று ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். அதில் பொய்யில்லை. நிஜமான பிரியத்தில்தான் சொன்னார்கள். அதுதான் தராசக்காவைச் சுட்டது.

மகள் தூணைவிட்டு நிமிர்ந்தாள்.

“வேண்டாம்” என்றாள் தராசக்கா. “என் பொண்ணுக்காக ஒரு கதவைத் திறந்துவெச்சா, நாளைக்கு ஆளுக்கொரு பொண்ணு, ஆளுக்கொரு பையன் வந்து நிப்பாங்க. யாருக்கும் இல்லைன்னா, யாருக்கும் இல்ல. அவளுக்கும் இல்ல.”

சொல்லும்போது அவள் தூண் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது என்று தெரியும். கதவு சாத்தப்படுகிற சத்தம் கேட்டபோதுதான் திரும்பினாள். மகள் போய்விட்டிருந்தாள்.

“சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க” என்றாள். அவளுக்கே அவள் குரல் வேறு யாருடையதோபோல் கேட்டது.

யாரும் அசையவில்லை. புருஷன் வீட்டிலேயே சொல்லியிருந்தார், ‘குழுவுல நீ தலைவி, நான் படகுக்காரன். நான் என் ஆளுங்க பக்கம்தான் நிப்பேன்’ என்று. அவர் மூடிய கதவைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். வின்ச் கயிறு அறுத்துத் தழும்பேறிய வலது கையைத் தூக்கினார். முழுசாக, தலைக்கு மேலே.

பக்கத்தில் இருந்தவர், “என்னய்யா நீயே?” என்றார்.

“ஆமா, நானே. அவ தன் பொண்ணுக்கே இல்லைன்னுட்டா. இதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்?”

எதிர்ப்பக்கம் முங்கி பெருமூச்சு விட்டான். “மாமா தூக்கிட்டாரு. நான் தூக்கலைன்னா அந்த வீட்டுல எனக்கு ஒரு வாய் தண்ணி கிடைக்காது” என்று கையைத் தூக்கினான். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்போடு ஒவ்வொரு கையாக எழும்பியது. கடைசியில் தூக்காத கைகளைவிடத் தூக்கிய கைகள் கொஞ்சம் அதிகமாக இருந்தன.

வீட்டுக்குப் போனபோது மகள் கை கழுவிக்கொண்டிருந்தாள். பச்சைப் பெயிண்ட் நகக்கண்ணில் இருந்து போகவில்லை.

“நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல” என்றாள். “தட்டை நானும்தான் பாத்தேன். ஆனா ஊரைக் கூட்டிவெச்சு அத்தனை பேருகிட்டயும் கேட்டியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா? கொட்டகைக்கு வந்து மூக்கைத் துடைன்னு சொல்லிட்டுப் போனியே!”

தராசக்கா துண்டை எடுத்து நீட்டினாள்.

மறுநாள் மகள் படகைத் தார்ப்பாயால் மூடினாள். கூடு பாதியானதும் அப்பாவின் படகில் இரண்டாவது ஆளுக்கு வேலை குறைந்தது. அவள் ஆய்வுப் படகில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மாவோடு பேச்சு நின்றது. ஒரே மேசையில் உட்கார்ந்து, “அப்பா, அந்த உப்பை எடுக்கச் சொல்லுங்க” என்பாள். உப்பு அம்மாவின் கைக்குப் பக்கத்தில் இருக்கும். “உன்கிட்ட உப்பு கேக்குறா” என்பார் அவர். “காது கேக்குது” என்பாள் தராசக்கா. அவர் பாடுதான் திண்டாட்டம்.

குளிர்காலம் போய்க் காற்றுக்காலம் வந்தது. ஒரு நாள் மகள் கடலிலிருந்து வந்து, காலணியைக் கழற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

“இன்னைக்கும் தட்டு காலி.”

தராசக்கா ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தவள், “உக்காரு. சூடா சூப் இருக்கு” என்றாள். அவ்வளவுதான். அதற்குப்பின் உப்பு நேராகவே கை மாறியது. அன்று நடந்ததைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நாலு வருஷம் கழித்து, தட்டுக்காரர் சொன்னது போலவே பஞ்சம் வந்தது. கரையோரமாக மேலேயும் கீழேயும் இருந்த துறைமுகங்கள் நல்ல காலத்தில் அள்ளிவிட்டிருந்தன. இப்போது வெறுங்கூட்டைத் தூக்கிக்கொண்டிருந்தன. இங்கேயும் கைப்பிடி அளவுதான் வந்தது. ஆனாலும் தினமும் வந்தது. மூடிய பாறையில் விட்டுவைத்த பெரிய சிங்கிகள் சினை வைத்தன. முங்கியின் ஆட்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு பிடித்தாலும் போட்டோ எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். எந்தப் படகும் விற்கப்படவில்லை. கூட்டத்தில் கத்திய அந்தப் படகுக்காரர், டீக்கடையில் வெளியூர்க்காரர்களிடம், “நாங்க அப்பவே குறைச்சிட்டோம்ல!” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு அமாவாசைக்குத் தட்டில் கண்ணாடிக் குஞ்சுகள் விழுந்தன. அடுத்ததற்கு இன்னும் கூடுதலாக. அவை வளர்ந்து கூட்டுக்கு வரும்வரை பொறுத்திருந்து, குழு மறுபடி உரிமத்தைத் திறந்தது. மகள் தார்ப்பாயை விலக்கி, படகை மறுபடி சுரண்டி, மறுபடி வண்ணம் அடித்துத் தண்ணீரில் இறக்கினாள்.

அந்தப் பருவத்தில்தான் வடக்கே இருந்த துறைமுகத்திலிருந்து சிலர் தராசக்காவைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். கடலில் கிடந்து கருத்த முகங்கள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முங்கி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். புருஷன் சன்னலோரம் கூட்டுக்கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார்.

அவர்களில் மூத்தவர் சொன்னார்: “எங்க ஊருல இன்னமும் ஒருத்தனும் குறைக்க ஒத்துக்க மாட்டேங்குறான். நீங்க எப்படிம்மா ஒத்துக்க வெச்சீங்க?”

தராசக்கா வாய் திறப்பதற்குள், அப்போதுதான் கடலிலிருந்து வந்த மகள் கையுறையோடு உள்ளே நுழைந்தாள்.

“அம்மாகிட்டக் கேட்டா பாதிதான் சொல்லுவாங்க. நான் சொல்றேன்” என்று மேசையின்மேலேயே ஏறி உட்கார்ந்தாள். வெறும் தட்டைச் சொன்னாள். கூடம் கொதித்ததைச் சொன்னாள். கொட்டகை முதலாளியின் குரலில் பேசிக் காட்டினாள். “ஒண்ணே ஒண்ணு குடுத்துடுவோம்னு ஊரே சொல்லுது. அது என் லைசென்ஸ். எங்க அம்மா நின்னாங்க பாருங்க, அப்படியே கல்லு மாதிரி. ‘அவளுக்கும் இல்ல’ன்னாங்க. அந்தக் கூடத்துல வேற யாருக்கும் அந்தத் தைரியம் கிடையாது.”

“உனக்குக் கோவம் வரலியாம்மா?” என்றார் வந்தவர்.

“கோவமா? எதுக்கு? நாங்க ரெண்டு பேரும் முன்னாடியே பேசித்தான் முடிவு பண்ணோம். கூட்டத்துக்குப் போறதுக்கு முன்னால அம்மா படகுக் கொட்டகைக்கு வந்து என்னைக் கேட்டாங்க. நான்தான் சொன்னேன், என்னைப் பாக்காத, சொல்ல வேண்டியதைச் சொல்லுன்னு.”

முறுக்கிய கயிறு புருஷனின் கையில் நின்றது. முங்கி கூரையைப் பார்த்தான்.

மகள் திரும்பி, “அப்படித்தானேம்மா?” என்றாள். கேட்டுவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

“ஆமா” என்றாள் தராசக்கா. “அப்படித்தான். ரெண்டு பேரும் பேசித்தான்.”

வந்தவர்களுக்கு இன்னொரு சுற்று டீ போட எழுந்து போனாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அங்கே நின்றபடியே, மகள் மீதிக் கதையைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.